முனைப் பாதையில் கடைசி ஆள்

நடைக் கழகத்தில் அவளை எல்லாரும் வாலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள், ஏதோ சின்ன வயதில் பெரிய சேட்டைக்காரியாக இருந்திருப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஐம்பத்தொன்பது வயதில், காதோரம் நரைத்து, நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிறவளைப் பார்த்ததும் குழம்பிப்போவார்கள். விஷயம் ரொம்பச் சாதாரணம். இருபது முப்பது பேர் மலைப் பாதையில் வரிசையாகப் போகும்போது முன்னால் வழிகாட்ட ஒருவர் வேண்டும், பின்னால் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். முன்னால் போகிறவருக்குத் தலைவர் என்று பேர். பின்னால் வருகிறவளுக்கு வால்.

இருபத்தோரு வருஷமாக அவள்தான் வால். செருப்பு அறுந்தவர்கள், மூச்சு வாங்கியவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டுப் பின்தங்கியவர்கள், புதரோரம் ஒதுங்கியவர்கள், எல்லாரும் கடைசியில் அவள் கைக்குத்தான் வந்துசேர்வார்கள். அவள் எதுவும் கேட்கமாட்டாள். பையிலிருந்து ஊக்கோ கயிறோ தண்ணீரோ எடுத்து நீட்டுவாள். வீட்டுக்குப் போனதும் ஒரு நீள நோட்டில் அன்றைய நடையை எழுதிவைப்பாள்: தேதி, பாதை, எத்தனை பேர், மழையா வெயிலா, வழியில் யாரைப் பார்த்தோம். எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒன்பது நோட்டு நிறைந்திருந்தது.

அவளுடைய கதை பெரிய கதை இல்லை. கல்யாணம் மூன்று வருஷம் நடந்தது. புருஷன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. செத்துப்போயிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருக்கலாம். வேறொரு துறைமுகத்தில் வேறொருத்தியோடு நன்றாக இருக்கிறான் என்று கூடப் போனவனே வந்து சொன்னான். அதற்கப்புறம் தம்பி வீட்டு மாடி அறைக்கு வந்தவள்தான். தம்பி எலக்ட்ரீஷியன், வாயைத் திறக்கமாட்டான். அவன் பங்கையும் சேர்த்து அவன் மனைவி பேசிவிடுவாள்.

வேலை கண்ணாடிக் கடையில். பின்னறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தை பிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். கூட்டமிருந்தால் வெளியே வந்து, எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வை சோதிக்கவும் வேண்டும். நாளெல்லாம் கையில் ஈரத் தூள், காதில் மெஷின் சத்தம். ஒருநாள் பக்கத்து மருந்துக்கடைக்காரி வந்து, "இந்தப் பொந்துக்குள்ளயே கிடந்தா நீயே ஒரு நாள் லென்ஸாயிடுவ. ஞாயித்துக்கிழமை என்கூட வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். அப்படித்தான் கழகத்துக்குள் வந்தாள். மருந்துக்கடைக்காரிக்குக் கழகத்தில் மாத்திரை என்று பேர். வெளியே இனிப்பு, உள்ளே கொஞ்சம் கசப்பு, ஆனால் வேலை செய்யும் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை. புதன்கிழமை சாயங்காலம் சின்ன நடை: துறைமுகத்துக் கடிகாரத்தில் ஆரம்பித்துப் பாலம் வரை போய்த் திரும்பி, டீக்கடை மாடியில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சு. ஞாயிறு காலுக்கு, புதன் வாய்க்கு என்பார்கள். வாலக்காவுக்கு இரண்டுமே காதுக்குத்தான். தன்னைச் சுற்றி நாலு பேர் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு நடந்தால் போதும். திங்கள், செவ்வாய் எல்லாம் அந்தப் புதனை நம்பித்தான் ஓடும்.

அவர்கள் அதிகம் போனது முனைப் பாதையில். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் தொடங்கி, கடலை ஒட்டிய பாறைச் சரிவில் இறங்கி, ஒரு சின்ன வளைகுடாவில் முடியும். நாற்பது நிமிஷ நடை. நீர் வற்றும் நேரத்தில் அங்கே பாறையெல்லாம் சிப்பி. கடலோரக் குடிசைகளிலிருந்து பெண்கள் கூடையோடு வந்து சுரண்டி எடுத்துப்போவார்கள். கழகத்துக்காரர்களைக் கண்டால் ஓரமாக நின்று வழிவிடுவார்கள், ஊற்றுத் தண்ணீர் மொண்டு கொடுப்பார்கள். நோட்டில் அதுவும் இருக்கும்: "சிப்பி எடுக்கும் பெண்கள் நால்வர். தண்ணீர் கொடுத்தார்கள்."

பாதை ஒரு பழைய தோட்டத்தின் ஓரமாகப் போனது. தோட்டக்காரக் கிழவர் இருந்தவரை யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. இருபத்தோரு வருஷத்தில் வாலக்கா அவரைப் பார்த்தது இரண்டு தடவை. ஒருமுறை அவர் தன் நாயைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, எல்லாரும் கடந்துபோகும் வரை நின்றார். அவ்வளவுதான். கிழவர் போனதும் பிள்ளைகள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கினவர் இருபத்துநாலு விடுதி வீடுகள் கட்ட ஆரம்பித்தார். ஒரு வியாழக்கிழமை பாதையின் வாயில் இரும்புக் கதவு முளைத்தது.

அவர்கள் இருந்தது ஒரு தீவு. அங்கே ஒரு பழைய சட்டம் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவு மறைவில்லாமல், இருபது வருஷம் ஜனங்கள் நடந்த பாதை பொதுப் பாதை. அதை அடைக்க முடியாது. ஆனால் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு நடந்திருந்தால் அது அவர் காட்டிய தயவு. தயவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டில் எது என்று முடிவு செய்ய நிர்வாக அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்குப் பத்து நாள் முன்னால், சிப்பி எடுக்கிற பெண்களில் ஒருத்தி கண்ணாடிக் கடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் கீறல். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது, உடுப்பு ஈரம் என்று உட்காரவில்லை.

"அக்கா, நீங்க நடந்ததை எல்லாம் எழுதி வைப்பீங்களாமே. எங்களைப் பத்தியும் எழுதுவீங்களா?"

"பார்த்தா எழுதுவேன்."

"எங்க ஆத்தா காலத்துலருந்து நடக்குறோம். அதுக்கு எங்க காலுதான் சாட்சி. காலைக் கொண்டுபோய் ஆபீசர் மேசை மேல வைக்க முடியுமா? நீங்க நோட்டை வைக்கலாம்."

"கொண்டு வரேன்" என்றாள் வாலக்கா. யோசிக்காமல்தான் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒன்பது நோட்டையும் புரட்டி எண்ணிப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் சிப்பிப் பெண்கள் இருந்தார்கள்.

அடுத்த புதன் நடை முடிந்து டீக்கடை மாடியில் கழகத் தலைவர் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற கப்பல் வழிகாட்டி, எல்லாருக்கும் கேப்டன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

"விடுதிக்காரரோட பேசினேன். நல்ல மனுஷன். நமக்குப் பாதை வேணும், அவ்வளவுதானே? கழக உறுப்பினர்களுக்கு அட்டை கொடுக்குறார். காட்டிட்டுப் போய் வரலாம். கூட்டம் போட ஒரு ஹாலும் தர்றார். பாத்ரூமோட."

பாத்ரூம் என்றதும் மேசையைச் சுற்றி ஒரு முனகல் எழுந்தது. இருபது வருஷமாகப் புதரைத் தேடியவர்கள்.

"நாம செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பழைய தோட்டக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் நடந்தோம்னு சொல்லணும்."

வாலக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்ப சிப்பி எடுக்குறவங்க?"

"அவங்களுக்குக் கல்குவாரி ரோடு இருக்கே."

"அது சுத்திக்கிட்டு ரெண்டரை மணி நேரம்."

"நடக்குறது உடம்புக்கு நல்லதுன்னு நாமதானே எல்லாருக்கும் சொல்றோம்" என்றார் ஓர் உறுப்பினர். எல்லாரும் சிரித்தார்கள். மாத்திரையும் சிரித்தாள்.

கைகள் உயர்ந்தன. "எதிர்ப்பு?" என்றார் கேப்டன். வாலக்கா கிளாஸின் அடியில் தங்கிய டீத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார்கள்.

படியிறங்கும்போது கேப்டன் அவளுக்காக நின்றார். "நோட்டைக் கொண்டு வாங்க. கொண்டு வரலைன்னா ஒளிச்சு வச்சமாதிரி ஆயிடும். அதுல கேட்டோம்னும் இல்ல, கேக்கலைன்னும் இல்லையே? நீங்க வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மாத்திரை அவளோடு கடைத்தெரு வரை வந்தாள். வழியில் சொன்னாள்: "நீ மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? யாரும் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அதுக்கப்புறம் யாருமே உன்கிட்ட ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"நீயுமா?"

"என்னை எதுக்குடி கேக்குற?" என்றாள் மாத்திரை. அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டில் வேறொரு முடிச்சு. இருபத்துநாலு விடுதி வீட்டுக்கும் ஒயரிங் வேலை தம்பிக்குக் கிடைத்திருந்தது. இதுவரை ஒன்றிரண்டு ஃபேன், மோட்டார் என்று ஓடியவனுக்கு முதல் பெரிய வேலை. தம்பி மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு நடக்குறது பொழுதுபோக்கு. எங்களுக்கு இது பொழப்பு. எலக்ட்ரீஷியனோட அக்காவே எதிர்சாட்சின்னா, அந்த ஆளு இவரை உள்ள விடுவாரா? நீங்க நல்லவங்கன்னு பேர் எடுக்க நாங்கதான் கெடைச்சோமா?"

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுநாள் மாடிக்கு வந்தான். சுவிட்ச் சரியில்லை என்று சொல்லி ஸ்க்ரூவைக் கழற்றினான், உள்ளே பார்த்தான், திரும்ப முடுக்கினான். அந்த சுவிட்சுக்கு ஒரு குறையும் இல்லை.

"அக்கா, உனக்குச் சரின்னு பட்டதைச் சொல்லு. என்னை நெனைச்சுக்காதே" என்றான்.

புருஷன் விட்டுப்போன நாளில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. நினைக்காதே என்று அவன் வந்து சொல்லிப்போன பிறகு அவளால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

விசாரணை நாளன்று ஒன்பது நோட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப்போனாள். இரண்டாம் மாடியில் நீள அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கிடுகிடுவென்று ஆடும் ஃபேன். முன் வரிசையில் கழகத்துக்காரர்கள், ஞாயிறு நடைக்குப் போடும் ஷூக்களோடு. பின் வரிசையில் சிப்பிப் பெண்கள் ஆறு பேர், தலையைப் படிய வாரி, துவைத்த உடுப்பில். கடைக்கு வந்தவள் வாலக்காவின் பையைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்துக் காட்டினாள்.

விசாரணை அதிகாரி ஜலதோஷம் பிடித்த இளம் பெண். அவள் போட்டிருந்த கண்ணாடி வாலக்கா பொருத்திக் கொடுத்ததுதான். நோட்டை ஆற அமரப் புரட்டினாள்.

"இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கீங்க. தோட்டக்காரர்கிட்ட அனுமதி கேட்டதா எங்கயும் இல்லையே?"

கேப்டன் ஃபேனைப் பார்த்தார். மாத்திரை கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

"கேட்டோம்" என்றாள் வாலக்கா. "வாய்வார்த்தையா. வருஷத்துக்கு ஒரு தடவை."

இவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள்.

"இந்த சிப்பி எடுக்குறவங்க? அவங்களும் கேட்டாங்களா?"

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும். நோட்டும் நூற்றுப் பன்னிரண்டு இடமும் அந்தப் பெண்களுக்கு மிஞ்சியிருக்கும். கேப்டனுக்கும் அதில் சொல்ல எதுவும் இருந்திருக்காது. ஆனால் முதல் பொய் சொன்ன வாய்க்கு நடுவில் நிற்கத் தெரியவில்லை. அதிகாரி சந்தேகப்படுகிறாளோ என்று பட்டது. சந்தேகம் வந்தால் எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பார்களே என்று பட்டது.

"எல்லாருக்கும் சேர்த்துத்தான் கேட்டது" என்றாள்.

பின் வரிசையில் ஒருத்தி, "யாரு கேட்டா? எங்களுக்காக யாரு கேட்டா?" என்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள்.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது. பாதை தனியார் பாதை. கழகத்துக்காரர்களுக்குப் படம் ஒட்டிய அட்டை வந்தது. தம்பி ஒயரிங் வேலையை முடித்தான். நன்றாகச் செய்தான் என்று அடுத்த வேலையும் கிடைத்தது. தம்பி மனைவி வாலக்காவுக்கு ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தாள். யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. அதுதான் அவளுக்கு ஜீரணிக்க முடியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் கடைசி ஆள் என்பதால் கதவைச் சாத்தித் தாழ் போடுகிற வேலையும் அவளுக்கே வந்தது. நோட்டில் சிப்பிப் பெண்கள் வருவது நின்றுபோனது.

நாலு மாதம் கழித்து அந்தச் சிப்பிக்காரி மறுபடியும் கடைக்கு வந்தாள். வாலக்காவுக்குக் கையிலிருந்த லென்ஸ் நழுவியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தயாராகிவிட்டாள்.

"அக்கா, உங்க கிளப்புல சேரணும்னா என்ன பண்ணணும்?"

"எதுக்கு?"

"அட்டை இருந்தா உள்ள விடுறாங்களாமே. நானும் நடக்குறவதானே. குவாரியச் சுத்திப் போனா தண்ணி ஏறுறதுக்குள்ள அரைக் கூடைகூட எடுக்க முடியல."

அவள் கேலி செய்யவில்லை. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருக்கிறதா என்று கேட்கிறவளின் முகம். வாலக்கா படிவத்தை வாங்கி, தானே நிரப்பி, முன்மொழிபவர் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வழிமொழிய ஒருவர் வேண்டும். மாத்திரையிடம் போனாள்.

"எனக்கென்னடி ஆட்சேபணை" என்றாள் மாத்திரை, மருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டே. "கூடையோட வருவாளா, கூடை இல்லாம வருவாளா?"

"கூடைக்காகத்தான் வர்றா."

"பார்த்தியா. இன்னைக்கு இவ, நாளைக்கு ஆறு பேரும். விடுதிக்காரர் நம்ம எல்லாரோட அட்டையையும் பிடுங்கிடுவார். நீ சொன்ன சாட்சியும் வீணாப்போயிடும்."

வழிமொழியும் இடம் காலியாகவே படிவம் கேப்டனிடம் போனது. காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம் என்றார். அப்படியொரு பட்டியல் அதுவரை கழகத்தில் கிடையாது. அதில் முதல் பெயரும் அவளுடையதுதான், கடைசிப் பெயரும் அவளுடையதுதான். அடுத்த மாதமே ஒரு வங்கி மேலாளரும் அவர் மனைவியும் புது அட்டையோடு நடைக்கு வந்தார்கள். வாலக்கா கேட்டாள். "அது முன்னாடியே பேசி வச்சதும்மா" என்றார் கேப்டன். அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு டீக்கடை மாடியில் உட்கார்ந்து, எதிர்ப்பு உண்டா என்று கேட்டபோது வராத வாய்.

சிப்பிக்காரி இரண்டு தடவை வந்து விசாரித்தாள். சொல்கிறேன், சொல்கிறேன் என்று வாலக்கா அனுப்பினாள். மூன்றாம் தடவை கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் தலையைக் கண்டதும் வாலக்கா பின்னறைக்குள் போய் மெஷினை நிறுத்திவிட்டு நின்றாள். வெளியே முதலாளி, "இல்லையேம்மா, லீவு" என்று சொல்வது கேட்டது. அன்று புதன்கிழமை. சாயங்கால நடைக்கு வாலக்கா போடுகிற ஷூ கவுன்டர் ஓரத்தில் கிடந்தது. பிறகு, "சரிங்க, நான் வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லுங்க" என்ற குரல். அப்புறம் அவள் வரவில்லை.

மறு வருஷம் விடுதி திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழகத்துக்காரர்கள் முனைப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே ஒருத்தி அழுக்குப் படுக்கை விரிப்புகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தாள். சாம்பல் நிறச் சீருடை, கழுத்தில் வேலையாள் அட்டை. இவர்களைக் கண்டதும் வண்டியைச் சரிவில் சாய்த்து, சக்கரம் உருளாமல் காலை முட்டுக் கொடுத்து, ஓரமாக நின்றாள். ஒவ்வொருவரும் கடந்து போகும்போது நன்றி என்றார்கள். கேப்டன், "வணக்கம்மா, வேலை எல்லாம் எப்படி?" என்றார், பதிலுக்கு நிற்கவில்லை. இருபத்தாறு பேர் போனார்கள். கடைசியாக வாலக்கா வந்தாள்.

அவளால் கடந்து போக முடியவில்லை.

"தினமும் இந்த வழியாவா?" என்றாள். இவ்வளவு காலத்துக்கு அப்புறம் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"தினமுந்தான். காலைல ஆறு, சாயங்காலம் ஆறு." அவள் வண்டியிலிருந்து நழுவிய விரிப்பை உள்ளே தள்ளினாள். விரலில் கீறல்கள் ஆறிப்போயிருந்தன. சோப்புத் தண்ணீரில் தோல் வெளுத்திருந்தது.

"சிப்பிக்கு?"

"கீழ போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வேலை நேரத்துல." கழுத்து அட்டையைத் தொட்டுக்காட்டினாள்: "வேலை இல்லாத நேரத்துல அட்டை செல்லாது."

வாலக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அன்னைக்கு நான் அங்க…"

"உங்க ஆளுங்க ரொம்ப தூரம் போயிட்டாங்க அக்கா. போங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. முட்டுக் கொடுத்திருந்த கால் வலித்திருக்கும். வாலக்கா நகர்ந்தால்தான் அவள் வண்டியை எடுக்க முடியும்.

வாலக்கா நகர்ந்தாள்.

அந்த வாரத்திலிருந்து நோட்டு எழுதுவதை விட்டாள். நடப்பதை விடவில்லை. விட்டால் புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு தம்பி வீட்டு மாடி அறையில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முனைப் பாதை என்றால் மட்டும் முட்டி வலி என்று சொல்லி வரமாட்டாள். அன்றைக்கு வேறு யாரோ கதவைச் சாத்தினார்கள். ஏன் எழுதுவதில்லை என்று மாத்திரை ஒருநாள் கேட்டாள். கை வலிக்கிறது என்றாள் வாலக்கா. முட்டி, கை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் என்று சொல்லி, மாத்திரை தன் கடையிலிருந்து ஒரு டியூப் களிம்பு எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினாள். ராத்திரி தடவிக்கொண்டு படுத்தால் காலையில் தெரியாது என்றாள். வாலக்கா வாங்கிக்கொண்டாள்.